தூவுவதா, அரைப்பதா: அன்றாடச் சாப்பாட்டில் விதைகள்

முழு ஆளி விதையைத் தயிர்சாதத்தின் மேல் தூவிச் சாப்பிட்டால், அதில் பெரும்பகுதி போன உருவத்திலேயே மறுநாள் வெளியே வந்துவிடும். வழவழப்பான தோல் பல்லில் சிக்காமல் நழுவும், வயிற்றிலும் எளிதில் உடையாது. மலம் இளகக் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு உடம்பில் சேர வேண்டுமானால் விதை உடைந்திருக்க வேண்டும். "இரண்டு மாசமா ஃப்ளாக்ஸ் சீட் சாப்பிடறேன், ஒண்ணும் தெரியல" என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, அரைத்தீர்களா என்பதைத்தான்.

எள்ளுக்கும் ஓரளவு இது பொருந்தும். முறுக்கிலும் தட்டையிலும் இருக்கும் எள் பாதி மெல்லப்படும், பாதி விழுங்கப்படும். பொடியாக, துவையலாக, உருண்டையாக எள்ளை இடித்தும் அரைத்தும் சாப்பிட்ட பழக்கத்தில் ருசியோடு இந்த லாபமும் இருந்தது. சியாவும் சப்ஜாவும் ஊறினால் போதும். பூசணி, சூரியகாந்தி விதைகள் பெரியவை என்பதால் மென்றாலே நொறுங்கிவிடும். ஆக, அரைத்தே தீர வேண்டியது ஆளி. அரைத்தால் நல்லது எள்.

அடுத்த குழப்பம், எந்த விதை எதற்கு என்பது. நார்ச்சத்து வேண்டும் என்று பூசணி விதையை வாங்கி வருபவர்கள் அதிகம். கடையில் கிடைப்பது ஓடு நீக்கிய பச்சை நிறப் பருப்பு; நார் ஓட்டோடு போய்விட்டது. நூறு கிராமில் சியாவில் சுமார் 34 கிராம் நார் இருக்கிறது. ஆளியில் 27, வெந்தயத்தில் 25, கசகசாவில் 19, எள்ளில் 12, சூரியகாந்திப் பருப்பில் 8 அல்லது 9. பூசணிப் பருப்பில் வெறும் 6. அதை வாங்க வேண்டியது வேறு காரணங்களுக்கு: நூறு கிராமில் 30 கிராம் புரதம், கூடவே நல்ல அளவு மெக்னீசியமும் துத்தநாகமும். சுண்ணாம்புச் சத்துக்கு எள். தோல் நீக்காத எள் நூறு கிராமில் ஆயிரம் மில்லிகிராமை ஒட்டிய கால்சியம் உண்டு. அதில் பெரும்பகுதி தோலில்தான். பால் மாதிரி வெளுத்துப் பளபளக்கும் தோல் நீக்கிய எள்ளை வாங்கினால் அந்தக் கணக்கு படுத்துவிடும். தோலில், கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஆக்சலேட் என்ற பொருளும் இருப்பதால் கால்சியம் முழுதும் உடம்பில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்காக எள்ளை விலக்க வேண்டியதில்லை. பாலையும் மோரையும் விட்டுவிட்டு எள்ளை மட்டும் நம்ப வேண்டாம், அவ்வளவே.

அளவையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். ஒரு டேபிள்ஸ்பூன் ஆளிப் பொடி, அதாவது 7 கிராம், கொடுப்பது சுமார் 2 கிராம். ஒரு டேபிள்ஸ்பூன் சியா கொடுப்பது 4 கிராம். வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராமில் ஏழரை கிராம் இருக்கிறது. சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல் செய்வதை, மூன்று ஸ்பூன் விதையைத் தேடித் தூவுவது ஈடுகட்டாது. பருப்பு, கீரை, காய், தீட்டாத தானியம் எல்லாம் தட்டில் இருக்கும்போது, மேலே நாலைந்து கிராம் கூட்டித் தருவதுதான் விதையின் வேலை. அதைத் தினமும் தவறாமல் செய்ய, தினமும் மேசைக்கு வரும் பண்டத்துக்குள் விதையைக் கொண்டுபோக வேண்டும். இட்லிப் பொடியைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

பொடிக்கு ஆளி விதை 100 கிராம், கருப்பு எள் 50 கிராம், தோலோடு கூடிய கருப்பு உளுந்து 100 கிராம், கடலைப்பருப்பு 50 கிராம், காய்ந்த மிளகாய் 15 முதல் 18, கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, கல் உப்பு ஒரு டேபிள்ஸ்பூன் குறைவாக. கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி சேர்த்தால் நல்லது. கழுவி, ஈரம் சுத்தமாகக் காய்ந்திருக்க வேண்டும்.

முதலில் எள். கருப்பு எள்ளில் மண் இருக்கும். தண்ணீரில் போட்டு அலசி, மிதக்கும் சருகைத் தள்ளி, அரிசி அரிப்பதுபோல் அரித்து, அடியில் தங்கும் மண்ணை விட்டுவிட்டு எள்ளை மட்டும் எடுக்க வேண்டும். துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்திய பிறகே வாணலி. இந்த அரிப்பைத் தவிர்த்துவிட்டு, பொடி நறநறக்கிறது என்று மிக்ஸியைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடி கனமான வாணலியில் அரை ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் பெருங்காயத்தைப் பொரித்து எடுத்து, பருப்புகளைத் தனித்தனியாக வறுக்க வேண்டும். கருப்பு உளுந்து சிவப்பது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பருப்பை எடுத்துக் கடித்தால் உள்ளே பச்சை வாசனை இல்லாமல் மொறுமொறுவென்று உடைய வேண்டும். மிளகாயும் கறிவேப்பிலையும் அடுத்து. கடைசியாக, எண்ணெய் இல்லாத வாணலியில், சிறு தீயில் ஆளி. ஒன்றரை நிமிடத்தில் படபடவென்று வெடிக்கத் தொடங்கும். மூடி கையில் இருக்கட்டும். சத்தம் உச்சத்துக்குப் போய் அடங்கத் தொடங்கியதும் இறக்கித் தட்டில் கொட்டிவிட வேண்டும். சூடான வாணலியிலேயே விட்டால் கருகிக் கசக்கும், மீன் வாடை மாதிரி ஒன்று வரும். எள் இன்னும் சீக்கிரம் வறுபடும், இரண்டு நிமிடம் போதும். கருப்பு எள்ளில் பதம் தெரியாதவர்கள் அதனுடன் ஒரு சிட்டிகை வெள்ளை எள்ளைப் போட்டால், அது பொன்னிறமாவதைப் பார்த்து இறக்கிக்கொள்ளலாம்.

எல்லாம் நன்றாக ஆறட்டும். குறைந்தது அரைமணி நேரம். எண்ணெய் விதைகளை அரைப்பதில் முக்கால்வாசித் தோல்விக்குக் காரணம், ஆறாமல் அரைப்பதும் மிக்ஸியை விடாமல் ஓட்டுவதும்தான். ஜார் சூடாகும், விதையிலிருந்து எண்ணெய் கசியும், பொடி பிண்ணாக்காகிப் பிளேடைச் சுற்றி அப்பிக்கொள்ளும். அதனால் மிளகாய், உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை, பருப்புகளை முதலில் கொரகொரப்பாக அரைத்துக்கொண்டு, எள்ளையும் ஆளியையும் பிறகு சேர்த்து, மூன்று நொடி ஓட்டுவது, நிறுத்தி ஸ்பூனால் கிளறுவது என்று நாலைந்து தடவை செய்ய வேண்டும். அப்படியும் கட்டி தட்டினால் இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை போட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் உதிரும். அரைத்ததும் பாட்டிலில் அடைக்கக் கூடாது. தட்டில் பரப்பி அந்தச் சூடும் போனபிறகே மூடி.

இந்தப் பொடி ஒரு குவித்த ஸ்பூனுக்கு, அதாவது 10 கிராமுக்கு, ஒன்றரை முதல் இரண்டு கிராம் நார் தரும். பொடி நல்லது என்று மூன்று ஸ்பூன் போட்டால் உப்பும் கூடவே மூன்று மடங்கு; குழைக்கும் நல்லெண்ணெய் வேறு. சோற்றில் பிசைந்து சாப்பிடுகிற வீட்டில் உப்பைப் பாதியாகக் குறைத்து அரைப்பது நல்லது.

பொடிக்கு அடுத்து துவையல். பீர்க்கங்காய்த் தோல் துவையலில் தேங்காயைப் பாதியாகக் குறைத்து, வறுத்த எள் இரண்டு டேபிள்ஸ்பூன் வைத்து அரைத்தால் வித்தியாசமே தெரியாது, ருசி கூடும். காய்த் தோலின் நாரும் எள்ளின் சத்தும் ஒரே கிண்ணத்தில். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு நீர்த்துப்போனால் அரிசிமாவு கரைத்து விடுவதற்குப் பதில், வறுத்து அரைத்த எள் ஒரு டேபிள்ஸ்பூன் விட்டு ஒரு கொதி. எள் சேர்த்தபின் நீண்ட நேரம் கொதித்தால் எண்ணெய் பிரிந்து குழம்பு கசக்கத் தொடங்கும், கவனம். சனிக்கிழமையில் மட்டும் நினைவுக்கு வரும் எள்ளுச்சாதமும் நல்ல சாப்பாடுதான்: ஒரு கப் அரிசிக்கு நான்கு டேபிள்ஸ்பூன் எள் போகும்.

ஆளிப் பொடியைக் குழம்பில் போடுவதுதான் பலருக்குச் சறுக்கும் இடம். அதன் தோலில் இருக்கும் பசை, தண்ணீர் பட்டதும் வெண்டைக்காய்க் கொழகொழப்பைக் கொடுக்கும். சாம்பாரிலும் ரசத்திலும் அது எடுபடாது. சூடான திரவத்தில் நேரே போட்டால் கட்டி கட்டியாகத் திரளும். பொரியலை இறக்கும்போது தேங்காய்த்துருவலோடு ஒரு ஸ்பூன் தூவலாம், கூட்டில் கரையும். கேழ்வரகுக் கஞ்சியில் சேர்ப்பதானால் கொஞ்சம் மோரில் கரைத்து ஊற்ற வேண்டும். தயிர்சாதத்தில் பிசைந்து டிபன்பாக்ஸில் கட்டிக் கொடுத்தால் மதியம் திறக்கும்போது இழுபடும். சாப்பிடும் நேரத்தில் தூவிக்கொள்ளத் தனியாகக் கொடுத்துவிடுவதே நல்லது. கட்லெட்டுக்கும் முட்டையில்லாத கேக்குக்கும் இதே கொழகொழப்பு வரம்: ஒரு டேபிள்ஸ்பூன் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் ஒரு முட்டை செய்யும் பிணைப்பு வேலையைச் செய்யும். உப்ப வைக்கும் வேலையை மட்டும் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

சப்பாத்திக்கு இரண்டு கப் கோதுமை மாவில் இரண்டு டேபிள்ஸ்பூன் ஆளிப் பொடியும் ஒரு டேபிள்ஸ்பூன் எள்ளும். வழக்கத்தைவிட இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர் கூடுதலாக இழுக்கும். பிசைந்து இருபது நிமிடம் மூடி வைக்காவிட்டால் தேய்க்கும்போது ஓரம் வெடிக்கும். பொடி கொரகொரப்பாக இருந்தாலும் கிழியும். ஒன்பது சப்பாத்திக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு அரை கிராம் நார்தான் கூடும். சப்பாத்தி மிருதுவாக இருக்கும் என்பதற்காகவே இதைத் தொடரலாம். நாரைக் கணக்கிட்டு மகிழ அதில் அதிகம் இல்லை.

தோசை மாவில் ஆளியைப் புளிக்கும் முன் சேர்க்கக் கூடாது. மாவு இறுகும், மறுநாள் எண்ணெய் நாற்றம் வரும். மூன்று கப் மாவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன், ஊற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்னால். அப்போதும் தோசை முறுகலாக வராது, ஊத்தப்பத்துக்குத்தான் ஒத்துப்போகும். நம் மாவுக்கென்றே அமைந்த விதை வெந்தயம். நான்கு கப் இட்லி அரிசி, ஒரு கப் உளுந்துக்கு ஒரு டீஸ்பூன் போடுவது மணத்துக்கு மட்டுமல்ல. அதன் பசை, புளிக்கும்போது எழும் காற்றைப் பிடித்து வைத்து இட்லியைப் பஞ்சாக்குகிறது. சத்துக்காகக் கூட்டிப் போட்டால் இட்லி பழுப்பேறி, தட்டையாகி, கசக்கும். கூட்டிப் போட வேண்டுமானால் வெந்தய தோசைக்கு வந்துவிட வேண்டும். இட்லி அரிசி இரண்டு கப், வெந்தயம் இரண்டு டேபிள்ஸ்பூன், உளுந்து இரண்டு டேபிள்ஸ்பூன், ஐந்தாறு மணி நேரம் ஊறட்டும். வெந்தயத்தையும் உளுந்தையும் முதலில் நுரை பொங்க அரைத்து எடுத்துக்கொண்டு அரிசியை அரைத்துக் கலந்து, இரவு முழுக்கப் புளிக்க விட வேண்டும். கெட்டியாக ஊற்றி, மூடிபோட்டு, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்தால் ஆப்பம்போல் வரும். மெல்லியதாக இழுத்தால் ஒட்டிக்கொண்டு கிழியும். இரண்டு டேபிள்ஸ்பூன் வெந்தயம் என்றால் ஐந்து கிராமுக்கு மேல் நார். வெந்தயக் களி சாப்பிட்டு வளர்ந்த வீடுகளுக்கு இதெல்லாம் புதிதல்ல.

சப்ஜாவும் சியாவும் ஒன்றென்று நினைத்து வாங்குபவர்களும் உண்டு, ஒன்றை மற்றொன்றாக விற்பவர்களும் உண்டு. சப்ஜா திருநீற்றுப்பச்சிலையின் விதை. மங்கலான முழுக் கருப்பு. தண்ணீரில் போட்டதும் ஐந்து நிமிடத்தில் கண்ணெதிரே உப்பி, நடுவில் கரும்புள்ளியும் சுற்றிலும் வெண்ணீலச் சவ்வுமாக நிற்கும். சியா சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக, வழவழவென்று இருக்கும். உப்ப அரைமணி நேரம் எடுக்கும். மெக்சிகோப் பக்கத்துப் பயிரான அது இப்போது மைசூருப் பக்கமும் விளைகிறது. இலங்கையில் "கசகசா" என்று கேட்டால் சப்ஜாவைத்தான் கொடுப்பார்கள். நம் ஊர்க் கசகசா வேறு. குருமாவுக்கு அரைக்கும் அந்தக் கசகசாவைச் சிங்கப்பூருக்கோ ஐக்கிய அரபு அமீரகத்துக்கோ பெட்டியில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. அங்கெல்லாம் அது தடை செய்யப்பட்ட பொருள்.

சப்ஜா ஒரு டீஸ்பூனுக்கு அரை டம்ளர் தண்ணீர், கால் மணி நேரம். சியா ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 150 மில்லி, அரைமணி. இரண்டையும் போட்ட முதல் நிமிடத்தில் ஒரு தடவை, ஐந்து நிமிடம் கழித்து ஒரு தடவை கலக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் உருண்டையாகத் திரண்டு நடுவில் வறண்டே இருக்கும். பாலிலும் தயிரிலும் ஊற அதிக நேரம் ஆகும். தண்ணீரில் ஊறவைத்த பின் அவற்றில் கலப்பது எளிது. வறண்ட சியாவை ஸ்பூனால் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது ஆபத்து. தன் எடையைப்போல் பத்து மடங்கு தண்ணீரை உறிஞ்சும் விதை அது. அப்படி விழுங்கியவருக்கு உணவுக்குழாயில் அடைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போன சம்பவம் மருத்துவப் பதிவில் உண்டு. நன்னாரி சர்பத்தில் சப்ஜா போட்டுக் குடிப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் கொஞ்சம் நாருக்கு நான்கு ஸ்பூன் சர்க்கரைப்பாகு என்ற விகிதத்தை ஆரோக்கியம் என்று சொல்ல முடியாது.

சூரியகாந்தி விதையில் ஒரு வேடிக்கை. சோடா உப்பு சேர்த்த கேக்கிலோ பன்னிலோ இதைப் பொடித்துப் போட்டால் ஆறியபின் உள்ளே பச்சையாக இருக்கும். பூசணம் என்று பயந்து கொட்டிவிடுவார்கள். விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் காரத்தோடு சேர்ந்து நிறம் மாறுவதுதான் அது, கெடுதல் இல்லை. சோடாவைக் குறைத்து ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் மாறாது. வீட்டில் பரங்கிக்காய் நறுக்கும்போது எடுக்கும் விதை ஓட்டோடு இருக்கும். கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, சிறு தீயில் வறுத்து, ஓட்டை உடைத்து உள்ளே இருப்பதைக் கொறிக்கலாம். அதை ஓட்டோடு மிக்ஸியில் அடித்தால் சிலும்பு சிலும்பாகத் தொண்டையில் குத்தும்.

விதை சாப்பிட ஆரம்பிக்கும்போது ஒரு வாரம் தினம் ஒரு டீஸ்பூன் போதும். அடுத்த வாரம் இரண்டு. மூன்றாவது வாரம் ஒரு டேபிள்ஸ்பூன். அதிகபட்சம் இரண்டு டேபிள்ஸ்பூனில் நிறுத்திக்கொள்ளலாம். முதல் நாளே மூன்று ஸ்பூன் போட்டவர்களுக்கு வயிறு உப்பி, வாயுத் தொல்லை வந்து, "எனக்கு ஒத்துக்கல" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நாரைக் கூட்டித் தண்ணீரைக் கூட்டாவிட்டால் மலச்சிக்கல் குறைவதற்குப் பதில் இறுகும். தினம் இரண்டு டம்ளராவது அதிகம் வேண்டும். பச்சை ஆளியில் சயனைடு வெளியிடக்கூடிய பொருட்கள் சிறிதளவு உண்டு. வறுப்பதால் குறையும் என்பதும், இந்த அளவைத் தாண்டாமல் இருக்க இன்னொரு காரணம் இதுவென்பதும் தெரிந்திருந்தால் போதும். இன்னொன்று, விதைகளில் எண்ணெய் அதிகம். கொறிப்பதற்கென்று ஒரு கைப்பிடி, 30 கிராம் எடுத்தால் சுமார் 170 கலோரி. டி.வி. முன்னால் டப்பாவோடு உட்கார்ந்தால் அந்தக் கைப்பிடி மூன்றாகும்.

காலையில் வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீரும் தைராய்டு மாத்திரையும் சேர்ந்தே போகும் வீடுகள் ஏராளம். மாத்திரை உறிஞ்சப்படுவதை நார் தடுக்கும். காலைப் பொழுது மாத்திரைக்கு; விதைகள் நான்கு மணி நேரம் கழித்து, மதியச் சாப்பாட்டோடு. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெந்தயத்தைக் கூட்டினால் சர்க்கரை இறங்கிவிடாமல் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், குடல் அறுவைச் சிகிச்சை ஆனவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். எள் ஒவ்வாமை சிலருக்கு உண்டு. அமெரிக்காவில் 2023 முதல் உணவுப் பொட்டலங்களில் எள்ளைக் குறிப்பிடுவது கட்டாயமாகியிருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு முழு விதை எதுவும் கூடாது, பொடியாக மட்டும்.

வைத்துக்கொள்ளும் முறையில்தான் நல்ல சரக்கும் வீணாகிறது. முழு ஆளி, ஈரமில்லாத டப்பாவில் மாதக்கணக்கில் கெடாது. அரைத்த நிமிடத்திலிருந்து அதன் கொழுப்பு காற்றோடு சேர்ந்து சிக்குப் பிடிக்கத் தொடங்கும். மரச்சாமான்களுக்கும் கிரிக்கெட் மட்டைக்கும் தடவும் லின்சீட் ஆயில் இதே விதையின் எண்ணெய்தான். பாட்டிலைத் திறந்ததும் பெயின்ட் அடித்த மரக்கதவு வாசனை வந்தால் பொடி கெட்டுவிட்டது, வறுத்தாலும் மீளாது. ஆகவே ஒரே தடவையில் அரைக் கிலோ அரைக்காமல், பத்துப் பதினைந்து நாளைக்கு ஆகும்படி அரைத்து, ஃப்ரிட்ஜில், மூடி இறுக்கமான பாட்டிலில் வைக்க வேண்டும். கடையில் பொடியாகவே விற்பதை வாங்காமல் இருப்பது உத்தமம். எப்போது அரைத்தது என்று நமக்குத் தெரியாது. பூசணி, சூரியகாந்திப் பருப்புகளை வாங்கும்போது உடைந்த துணுக்குகள் அதிகம் இல்லாத பாக்கெட்டாகப் பார்க்க வேண்டும். உடைந்தவைதான் முதலில் சிக்கடிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் பாட்டிலுக்குள் ஈர ஸ்பூன் போகாமல் பார்த்துக்கொள்வதும், மேலே ஒரு துண்டு ஸ்டிக்கரில் அரைத்த தேதியை எழுதி ஒட்டுவதும் அவசியம். ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கம் வேண்டாம், உள் தட்டில், பின்னால்.